இணையத்தளத்தின் வாசலில் நிற்பவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது நிலையம் மாற்றுத்திறனாளிகளுக்கான சுயதொழில் உதவித் திட்டமொன்றை அறிவித்திருந்தது. போர்க்காலத்தில் ஷெல் வீச்சிலும் மிதிவெடியிலும் கண்களையோ கை கால்களையோ இழந்தவர்களை மனதிற் கொண்டே அத்திட்டம் வகுக்கப்பட்டது. அறிவித்தலை நல்ல வர்ணத்தாளில் அச்சிட்டுப் பங்குகளுக்கு அனுப்பினோம். அதே தாளைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து எமது இணையத்தளத்தின் முதற் பக்கத்திலும் போட்டோம். படத்தை அழுத்தினால் விண்ணப்பப் படிவம் திறக்கும். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற திருப்தி எமக்கு இருந்தது.

முடிவுத் திகதி கடந்து இரண்டாம் நாள் ஓர் இளைஞரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

"பாதர், கண் தெரியாத ஆக்களுக்கு நீங்கள் ஏதோ உதவி குடுக்கிறியள் எண்டு நேற்றுத்தான் ஒராள் சொன்னவர். நான் உங்கட வெப்சைட்டுக்கு ரெண்டு மூண்டு தரம் வந்தனான். அதில அப்பிடி ஒண்டும் இல்லையே."

"இருக்கே தம்பி. முதற் பக்கத்திலேயே பெரிசாய்ப் போட்டிருக்கிறம்."

"முதற் பக்கத்தில ஒரு நீட்டு இலக்கம் வாசிக்குது பாதர். பிறகு 'கிராபிக்' எண்டு சொல்லுது. அவ்வளவுதான்."

அந்த நீட்டு இலக்கம் என்னவென்று பின்னர்தான் எமக்கு விளங்கியது. கைத்தொலைபேசி தான் எடுத்த படத்திற்குத் தானாகவே வைத்த கோப்புப் பெயர் அது. திகதியும் நேரமும் சேர்ந்த வெறும் இலக்கங்கள். கண் தெரியாதவர்களுக்கான அறிவித்தலை, கண் தெரிந்தவர்கள் மட்டும் வாசிக்கும் விதத்தில் நாம் வெளியிட்டிருந்தோம்.

அவருக்காக முடிவுத் திகதியை ஒரு கிழமை பின்போடுவதாகச் சொன்னோம். அவர் நன்றி சொன்னார். பிறகு சற்றுப் பொறுத்து, "என்னைப்போல எத்தினை பேர் உங்கட பக்கத்துக்கு வந்திட்டுத் திரும்பிப் போயிருப்பினம் பாதர்?" என்று கேட்டார். எம்மிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

செவியால் வாசித்தல்

அடுத்த வாரம் அவருடைய வீட்டிற்குச் சென்றோம். 2009 இல் பாடசாலைச் சிறுவனாக இருந்தபோது பார்வையை இழந்தவர் அவர். பழைய மடிக்கணினி ஒன்றை வைத்திருந்தார். மின்கலத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் திரையின் வெளிச்சத்தை முற்றாகக் குறைத்திருந்தார். அவருக்குத் திரை தேவையில்லை. மவுஸும் இல்லை. விசைப்பலகையும் ஒரு காதில் மாட்டும் ஒலிவாங்கியற்ற சிறு செவிப்பொறியும்தான் அவருடைய கருவிகள்.

திரையில் உள்ளதைக் குரலாக மாற்றித் தரும் மென்பொருளைத் 'திரைவாசிப்பான்' என்கிறார்கள். அவர் பாவிப்பது என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள். அதன் பிறப்பும் சொல்லத் தக்கதே. வர்த்தக ரீதியில் விற்கப்பட்ட திரைவாசிப்பான்கள் பல நூறு டொலர் விலையாக இருந்த காலத்தில், 2006 இல், அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் இதனை எழுதத் தொடங்கினார். அவருடன் இணைந்த ஜேம்ஸ் தே என்பவரும் பார்வையற்றவர். கணினியின் விலைக்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவிடாமல் பார்வையற்றவரும் கணினி பாவிக்க வேண்டும் என்பதே அவர்களது எண்ணம். இன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் அது பேசுகிறது. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளிலும் ஐபோன்களிலும் இத்தகைய வசதி உள்ளேயே அடங்கியிருக்கிறது. வாசகர்கள் தமது தொலைபேசியில் ஒருமுறை அதை இயக்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தை வாசித்துப் பார்க்கலாம். நாம் அவ்வாறு செய்து பார்த்தோம். எமது சொந்தப் பக்கத்திலேயே வழி தவறிப் போனோம்.

அவர் கேட்கும் வேகம் எமக்குச் சிறிதும் பிடிபடவில்லை. குருவிகள் சண்டை பிடிப்பது போலிருந்தது. எமக்காக வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் ஒன்று புரிந்தது. கண்ணுள்ளவர் ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் அள்ளிவிடுகிறார். தலைப்பு எங்கே, படம் எங்கே, நிரப்ப வேண்டிய கட்டம் எங்கே என்று கண் துள்ளித் துள்ளிப் போகிறது. காதுக்கு அந்த வசதி இல்லை. அது ஒற்றையடிப் பாதையில் நடப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகவே போக முடியும்.

ஆகவே திரைவாசிப்பானைச் செய்தவர்கள் குறுக்கு வழிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பிற்குத் தாவும். இன்னொன்றை அழுத்தினால் அடுத்த கட்டத்திற்குப் போகும். ஆனால் தலைப்பை 'இது தலைப்பு' என்று பக்கத்தின் உள்ளே குறித்திருந்தால் மாத்திரமே இது நடக்கும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கோ அது இன்னொரு வரி. எமது இணையத்தளத்தில் ஒரு தலைப்புக்கூட முறையாகக் குறிக்கப்பட்டிருக்கவில்லை.

விண்ணப்பப் படிவத்தின் கதை இன்னும் மோசம். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று எழுதி அருகே கட்டங்கள் போட்டிருந்தோம். அந்தச் சொற்களையும் கட்டங்களையும் உள்ளே இணைக்கவில்லை. அவர் ஒவ்வொரு கட்டத்திற்கும் போகும்போது கணினி "எடிட்... எடிட்... எடிட்..." என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டத்தில் பெயர், எதில் முகவரி? "சிவப்பு நிறத்தில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்பவும்" என்று மேலே ஒரு குறிப்பும் இருந்தது. அதை நாம் சத்தமாக வாசித்துக் காட்டியபோது அவருடைய தாயார் அடுப்படியிலிருந்து சிரித்தார்.

ஏற்கெனவே எழுதப்பட்ட விதிகள்

இவை எவரும் அறியாத இரகசியங்கள் அல்ல. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த திம் பேர்ணர்ஸ் லீயின் தலைமையில் 1994 இல் அமைக்கப்பட்ட வலைக் கூட்டமைப்பு, 1997 இல் மாற்றுத்திறனாளிகளின் அணுகலுக்கெனத் தனிப் பிரிவொன்றை ஆரம்பித்தது. அதன் முதலாவது வழிகாட்டி 1999 மே 5 இல் வெளிவந்தது. இரண்டாவது 2008 டிசம்பரில் வந்தது. அதன் புதிய திருத்தம் 2023 ஒக்டோபரில் வெளியாகியிருக்கிறது. பல நாடுகளின் சட்டங்கள் இவ்வழிகாட்டியையே அளவுகோலாகக் கொண்டுள்ளன.

வழிகாட்டி நீளமானது, ஆனால் அதன் உயிர்நாடி எளிமையானது. பக்கத்தில் உள்ளது ஏதோவொரு புலனுக்கு எட்ட வேண்டும், கையாள முடிய வேண்டும், விளங்க வேண்டும், வெவ்வேறு கருவிகளிலும் நிலைத்து நிற்க வேண்டும். படம் போட்டால் அதன் பொருளைச் சொல்லும் ஒரு வரியைப் பின்னால் எழுதிவிட வேண்டும். மவுஸால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் விசைப்பலகையாலும் செய்ய முடிய வேண்டும். கை நடுங்கும் முதியவருக்கும், விரல்களை இழந்து ஒரு குச்சியால் விசைகளைத் தட்டுபவருக்கும் அதுவே வழி. காணொளியில் பேசப்படுவதை எழுத்திலும் காட்டினால் செவிப்புலனற்றோர் அதைத் தொடரலாம். மங்கிய சாம்பல் நிற எழுத்தை வெள்ளையில் போடுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5 இற்கு 1 என இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. கண்புரை உள்ள எமது மூதாட்டிகளுக்கு மட்டுமன்றி, உச்சி வெயிலில் வயல் வரம்பில் நின்று தொலைபேசியைப் பார்க்கும் கமக்காரருக்கும் இது பயன்படும்.

இவ்வளவு காலமாக எழுத்தில் இருந்தும் நடைமுறை எவ்வாறு உள்ளது? அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எயிம் என்ற அமைப்பு, உலகில் அதிகம் பார்வையிடப்படும் 10 இலட்சம் இணையத்தளங்களின் முதற் பக்கங்களை ஆண்டுதோறும் பரிசோதிக்கிறது. 2019 இல் அவற்றில் 97.8 வீதமானவற்றில் குறைபாடுகள் காணப்பட்டன. 2025 இல் அது 94.8 வீதம். மங்கிய எழுத்து, விளக்கமில்லாப் படம், பெயரில்லாக் கட்டம் ஆகியவையே திரும்பத் திரும்ப முன்னணியில் நிற்கின்றன. எமது பக்கத்தில் இம்மூன்றும் இருந்தன என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

சிட்னியில் ஒரு வழக்கு

"நல்ல காரியந்தான், ஆனால் இதற்கெல்லாம் பணமும் நேரமும் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. எமது நிர்வாகக் கூட்டத்திலும் அது கேட்கப்பட்டது. இதற்குப் பதிலாக ஒரு பழைய வழக்கைச் சொல்வது பொருத்தம்.

2000 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுக்கள் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடைபெற்றன. அதற்கான ஏற்பாட்டுக் குழு ஓர் இணையத்தளத்தை நடத்தியது. புரூஸ் மகுவயர் என்பவர் பிறவியிலேயே பார்வையற்றவர். கணினித் திரையில் உள்ளதைப் புள்ளி எழுத்தாக, அதாவது பிரெய்லாக, விரல் நுனியில் உணர்த்தும் கருவியைப் பாவித்து வந்தவர். ஒலிம்பிக் இணையத்தளத்தில் படங்களுக்கு விளக்கம் இல்லை, நிகழ்ச்சி அட்டவணையிலிருந்து ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிய பக்கத்திற்குச் செல்ல முடியவில்லை, போட்டி முடிவுகளின் அட்டவணையை வாசிக்க முடியாது என்று 1999 ஜூனில் அந்நாட்டு மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டார். அந்நாட்டில் 1992 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் இருந்தது.

ஏற்பாட்டுக் குழுவின் பதில் எமக்கும் பழக்கமான பதில்தான். அதிக செலவாகும், காலம் போதாது. 1,295 பக்க அச்சுக்களை மாற்ற வேண்டியிருக்கும் என்றும், ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தாலும் ஓராண்டிற்கு மேல் செல்லும் என்றும், இருபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செலவு ஏற்படும் என்றும் சொல்லப்பட்டது. மகுவயரின் தரப்பில் சாட்சியமளித்த இரு கணினி நிபுணர்கள், திறமையான ஒருவரும் சில உதவியாளர்களும் சேர்ந்தால் சில வாரங்களில் மிகக் குறைந்த செலவில் முடிக்கலாம் என்றனர்.

அவ்வழக்கில் எமது மனதில் தங்கிய பகுதி வேறொன்று. அட்டவணையூடாகப் போக முடியாவிட்டால் ஒவ்வொரு விளையாட்டின் முழு இணைய முகவரியையும் அறிந்து தானே தட்டச்சுச் செய்து போகலாமே என்று ஏற்பாட்டுக் குழு வாதிட்டது. முன் வாசலால் வர முடியாதவர் கொல்லைப் பக்கத்து வேலியால் வரலாம் என்பது போன்ற வாதம். பார்வையுள்ள ஒருவர் செய்யத் தேவையில்லாத வில்லங்கமான ஒரு வேலையைப் பார்வையற்றவர் மீது சுமத்துவது சமமான சேவை ஆகாது என்று ஆணைக்குழு அதை நிராகரித்தது.

2000 ஆகஸ்ட் 24 இல் தீர்ப்பு வழங்கப்பட்டது. விளையாட்டுக்கள் ஆரம்பமாகும் செப்டெம்பர் 15 இற்கு முன்னர் குறைகளைத் திருத்துமாறு உத்தரவிடப்பட்டது. அது முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. நவம்பரில் மகுவயருக்கு 20,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு வழங்குமாறு கட்டளையிடப்பட்டது. பணம் கிடைத்தது, ஆனால் அவர் வாசிக்க விரும்பிய விளையாட்டுக்கள் முடிந்துபோயிருந்தன. முடிவுத் திகதி கடந்து எம்மை அழைத்த அந்த இளைஞரைப் போலத்தான்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீடு கட்டும்போதே சாய்தளம் வைப்பதற்கும், கட்டி முடித்த பின் படிகளை உடைத்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. 1,295 பக்க அச்சுக்களைப் பின்னர் திருத்துவது பெரிய வேலையாகத் தோன்றியதற்குக் காரணம், முதலாவது அச்சைச் செய்தபோது எவரும் யோசிக்காமையே.

பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கிலம்

சிட்னியின் பிரச்சினை அவ்வளவோடு நின்றது. ஆனால் தமிழில் எழுதுகின்ற எமக்கு வேறொரு சுவரும் உண்டு. அதை எமக்கு விளக்கியவர் அந்த இளைஞரே.

எமது விண்ணப்பப் படிவத்தின் தாளில் நிரப்பும் பிரதி பி.டி.எவ். கோப்பாகவும் இருந்தது. அது படமல்ல, தட்டச்சுச் செய்யப்பட்டது. ஆகவே அதையாவது அவருடைய கணினி வாசிக்கும் என நம்பினோம். அவர் திறந்தார். ஆங்கிலக் குரலொன்று வாய்க்குள் நுழையாத ஏதோ சத்தங்களை எழுப்பியது. "இது பாமினியில அடிச்சது பாதர்" என்றார் அவர், நோயைக் கண்டுபிடித்த வைத்தியரின் நிதானத்தோடு.

எமது நாட்டில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பணி செய்தவர்கள் பாமினியை அறிவர். முன்னைய கணினிகளில் ஓர் எழுத்துருவில் 256 இடங்களுக்கு மேல் இருக்கவில்லை. தமிழுக்கென்று தனி இடமும் இல்லை. எனவே ஆங்கில எழுத்துக்கள் இருந்த இடங்களில் தமிழ் எழுத்தின் வடிவங்களை வரைந்து வைத்தனர். 'எம்' என்ற ஆங்கில எழுத்தின் வீட்டில் 'அ' குடியிருந்தது. 'கே' யின் வீட்டில் 'ம' இருந்தது. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால் எமது கண் அம்மா என்று வாசிக்கும். கணினியின் உள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதையே வாசிக்கிறது. அதனால்தான் எமது படிவம் அவருக்கு எந்த மொழியிலும் இல்லாத ஒன்றாகக் கேட்டது.

இத்தனைக்கும் ஒவ்வொரு மொழியின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி இடம் வழங்கும் யுனிக்கோட் முறையில் தமிழ் 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000 வெளியான காலத்திலிருந்து சாதாரண கணினிகளிலும் அது வேலை செய்கிறது. ஆனாலும் பாமினி போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பக்கம் அமைப்பதற்கு அச்சகங்கள் நெடுங்காலம் பாவித்த பேஜ்மேக்கர் மென்பொருள் யுனிக்கோடை ஏற்கவில்லை. விரல்களும் பழகிவிட்டன. எமது தட்டச்சாளரான அருட்சகோதரி இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாமினியில் அடித்தவர். "இந்த வயசில என்னைப் புதுசாய்ப் படிக்கச் சொல்றியளோ பாதர்?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வியே. நல்ல வேளையாக, பாமினியின் விசை ஒழுங்கிலேயே அடித்து யுனிக்கோட் எழுத்தைப் பெறக்கூடிய இலவசக் கருவிகள் உள்ளன. விரல்கள் பழையபடியே ஓடும். உள்ளே சேமிக்கப்படுவது உண்மையான தமிழாக இருக்கும். பாமினிக் கோப்புக்களை மொத்தமாக மாற்றும் கருவிகளும் இலவசமே. சகோதரி ஒரு கிழமைக்குள் மாறிவிட்டார். இப்போது மற்றவர்களைத் திருத்துகிறார்.

இதற்கு அடுத்த தடையாக வருவது, பக்கத்தின் மொழியைக் குறிப்பிடாமை. ஒரு பக்கம் எம்மொழியில் உள்ளதென்று அதன் உள்ளே ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். நாம் விலைக்கு வாங்கிய வார்ப்பில் அது 'ஆங்கிலம்' என்றே இருந்தது. எனவே சரியான யுனிக்கோட் தமிழைக்கூடத் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்துவிடக் கூடும். இதைத் திருத்த இரண்டு ஆங்கில எழுத்துக்களை மாற்றினால் போதுமாயிருந்தது.

தமிழில் வெளிவரும் ஏராளமான அறிவித்தல்கள் இன்னும் படங்களாகவோ, தாளைப் பிரதி செய்த பி.டி.எவ். கோப்புக்களாகவோ, பாமினியிலோதான் இணையத்திற்கு வருகின்றன. ஊர்ச் சங்கங்கள், பாடசாலைகள், ஆலயங்கள் என எவரும் இதற்கு விதிவிலக்கல்ல. கெட்ட எண்ணம் எவரிடமும் இல்லை. எம்மிடமும் இருக்கவில்லை.

சலுகையா, உரிமையா?

இணையம் வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது. 2020 இல் பெருந்தொற்று வந்தபோது பாடசாலை தொலைபேசிக்குள் போனது. 2022 ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீடு பெறுவதற்கு இணையத்தில் பதிய வேண்டியிருந்தது. பரீட்சைப் பெறுபேறும் வேலை விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் இன்று இணையத்தின் வழியாகவே பெரிதும் நடக்கின்றன. வரிசையில் நின்றால் ஒருவர் கையைப் பிடித்து முன்னால் விடுவார். இணையப் பக்கத்தில் அப்படி ஒருவரும் நிற்பதில்லை. கடவுச்சொல்லையும் வங்கி இலக்கத்தையும் அயலவரிடம் சொல்லிச் செய்விப்பதில் உள்ள ஆபத்தையும் கூச்சத்தையும் நாம் விளக்க வேண்டியதில்லை.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதிற்கும் அதற்கும் மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், ஏதோவொரு வகை இயலாமையுடன் வாழ்ந்தனர். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடங்களையும் பொது இடங்களையும் அணுகுவது பற்றிப் பேசியது. இணையம் எமது மக்களிடம் வந்து சேராத காலம் அது. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் பின்னுறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை கட்டடம், வீதி, போக்குவரத்து என்பவற்றோடு இணையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அயல்நாட்டில் நிகழ்ந்த ஒன்றும் இங்கு நினைவுகூரத் தக்கது. வங்கிக் கணக்கு ஆரம்பிக்கும்போது, கமராவின் முன் கண்ணைச் சிமிட்டிக் காட்டி 'உயிருள்ள ஆள்' என்று நிரூபிக்க வேண்டிய முறை இந்தியாவில் வந்தது. அமிலத் தாக்குதலில் முகமும் கண்ணிமையும் சிதைந்தவர் எவ்வாறு சிமிட்டுவது? அத்தகைய தாக்குதலிலிருந்து உயிர் தப்பிய பிரக்யா பிரசூன் என்ற பெண்மணியும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 இல் தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று கூறி, 20 பணிப்புரைகளை அது வழங்கியது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இணையத்தளத்தின் மூலையில் ஒரு பொத்தானை ஒட்டிவிட்டால் எல்லாக் குறைகளும் தாமாகத் தீர்ந்துவிடும் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். எமக்கும் அப்படி ஒரு விலைமனு வந்தது. அமெரிக்காவில் அவ்வாறு விளம்பரம் செய்த நிறுவனமொன்றின் மீது, அதன் கூற்றுக்கள் உண்மையல்ல என்று கூறி, அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு 2025 இல் பத்து இலட்சம் டொலர் செலுத்தும் கட்டளையைப் பிறப்பித்தது. நாம் அந்த விலைமனுவை ஒதுக்கிவைத்தோம்.

பிறகு நடந்தது

எமது இணையத்தளத்தைத் திருத்தும் வேலையை, அதைப் பகுதி நேரமாகப் பராமரிக்கும் இளைஞரும் சகோதரியுமாகச் செய்தனர். தலைப்புகளைக் குறித்தனர். கட்டங்களுக்குப் பெயர் கட்டினர். படங்களுக்குப் பின்னால் விளக்கம் எழுதினர். விளக்கம் எழுதுவது நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. 'கூட்டம்' என்று எழுதினால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. 'கிணறு திறப்பு விழாவில் கிராம அபிவிருத்திச் சங்கப் பெண்கள் கப்பிக் கயிற்றை இழுக்கின்றனர்' என்று எழுத வேண்டும். அப்படி எழுத முயன்றபோது, எமது படங்கள் பலவற்றில் அதிதிகளின் மாலைகளைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் தெரியவந்தது. அவற்றை எடுத்துவிட்டோம்.

பரிசோதகராக அந்த இளைஞரையே அமர்த்தினோம். தொண்டாக அல்ல, நாட்கூலிக்கு. முதல் நாளே ஒரு பிழை பிடித்தார். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கடைசிக்கு வந்தால், அனுப்பும் பொத்தான் அம்புக்குறிப் படமாக இருந்தது. "வெறும் 'பட்டன்' எண்டுதான் சொல்லுது பாதர். அமத்தினா அனுப்புமோ அழிக்குமோ எண்டு எனக்கெப்படித் தெரியும்?" அதைத் திருத்தப் பத்து நிமிடம் சென்றது.

இப்போது இந்தச் சஞ்சிகையின் பழைய இதழ்களை வாசிக்கத்தக்க எழுத்தாக மாற்றும் வேலை நடக்கிறது. தாளைப் பிரதி செய்து, எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுத்து, வருவதைத் திருத்த வேண்டும். பழைய அச்சில் காலும் 'ர' வும் ஒன்றுபோலவே இருப்பதால் மென்பொருள் தடுமாறுகிறது. 'காலம்' என்பது 'கரலம்' ஆகிறது. 'பாடசாலை' 'பரடசரலை' ஆகிறது. எமது கண் பழக்கத்தில் அதைச் சரியாகவே வாசித்துவிட்டுத் தாண்டிப் போகிறது. சகோதரியும் நாமும் இரண்டு முறை பார்த்து முடித்த ஓர் இதழை அவருக்கு அனுப்பினோம். மறுநாள் அவர் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களைக் குறித்து அனுப்பியிருந்தார். எல்லாம் காதால் பிடித்தவை.